சென்டிமீட்டருக்கு ஒன்பது கட்டம்

ஜனவரி 4, ஞாயிறு

திருச்சி மாவட்டம், துறையூர் டவுன், பாலகுரு அவர்களின் ஏக புத்திரரும் பத்தாம் வகுப்பு மாணவருமான யுகேந்திரன் (வயது பதினைந்து, மீசை விண்ணப்ப நிலையில்) சுய நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் இவ்வுலகுக்கு எழுதி அறிவிப்பது என்னவென்றால்: இன்று முற்பகல் எங்கள் வீட்டுப் பிரிண்டர் பலமுறை இருமி, ஒருமுறை முக்கி, கிராஃப் ஷீட் ஒன்றைப் பெற்றெடுத்தது. தாயும் சேயும் நலம்.

இப்படி எழுதுவதற்குக் காரணம் அம்மா. பத்திர ஆபீஸ் எதிரே உட்காரும் எழுத்தருக்கு வீட்டிலிருந்தே பத்திரம் டைப் செய்து கொடுக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த பாஷை ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அவளுடையவை. நான் அவற்றின் அனுபவ பாத்தியதைக்காரன்.

செய்முறை: எக்செல்லில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு மில்லிமீட்டர் ஆக்க வேண்டும். சுற்றிலும் கோடு. பத்தாவது கோடு மட்டும் தடிமன். பக்கம் முழுக்க நிரப்பினால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அப்போது அதைத் திட்டக்கூடாது, தட்டிக் கொடுக்க வேண்டும்.

கடையில் விற்கிறதே, எதற்கு இந்த வேலை என்று அம்மா கேட்டாள். கடை ஷீட்டில் கோடு இருக்கிறது என்று நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வெளிர் பச்சை என்கிறார்கள். அது பச்சையே இல்லை, பச்சைப் பொய். அரையாண்டுத் தேர்வில் கிராஃப் கேள்விக்கு எட்டு மார்க். எனக்குக் கிடைத்தது முட்டை. பிலோமினா டீச்சர் ஓரத்தில், ‘புள்ளிகள் ஊர் சுற்றுகின்றன’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான் கணக்கில் புலி. புலி சரியாகத்தான் இருக்கிறது. கூண்டுக் கம்பிதான் சரியில்லை. அதனால் கூண்டை நானே செய்துகொள்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

முதல் தாளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். என் பெஞ்சுக்காரன் சாதிக் வாங்கிப் பார்த்தான்.

“என்னடா இது, ஜெயில் கம்பி மாதிரி இவ்ளோ தடியா?”

“மார்க் தப்பிச்சு ஓடாம இருக்கத்தான்.”

அவன் ஸ்கேலை எடுத்து வைத்தான். சாதிக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் எதையும் அளக்காமல் நம்ப மாட்டான். அவன் அத்தா தையல் கடை வைத்திருக்கிறார், ரத்தத்தில் டேப் ஓடுகிறது. “பத்து சென்டிமீட்டர்னு சொல்ற, ஒம்பதரைகிட்டதான்டா வருது. உன் ஊர்ல சென்டிமீட்டர் இளைச்சுப்போச்சா?”

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: “பேப்பருக்குள்ள அடக்குன்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துட்டு, உள்ள அளவிலேயே அடின்னு வை.” வைத்தேன். சென்டிமீட்டர் சாப்பிட்டுத் தேறிவிட்டது.

அம்மா அப்புறம் திரும்பிப் பார்த்தாள். “ஏன்டா ஸ்கிரீன்ல மூக்கை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க?”

“மோப்பம் பிடிக்கிறேன். தப்பு எங்க இருக்குன்னு.”

ஜனவரி 7, புதன்

இன்று முதல் நான் முதல் பெஞ்ச். கடைசி பெஞ்சில் இருந்தால் எது நடந்தாலும் என் பெயர்தான் வருகிறது. முதல் பெஞ்ச்காரனை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதுதான் காரணம். வேறு இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

வகுப்பில் பாதிப் பேர் என் தாளைக் கேட்டார்கள். தாராளமாகக் கொடுத்தேன். கூடவே பயிற்சிக் கணக்கு என்று சொல்லிப் புள்ளிகளின் பட்டியல் ஒன்றும் கொடுத்தேன். எல்லோரும் பயபக்தியோடு புள்ளி வைத்து, வரிசையாகச் சேர்த்தார்கள். கடைசியில் வந்தது பி.டி. மாஸ்டரின் மூக்கு. பக்கவாட்டுத் தோற்றம், மீசையுடன்.

ஜன்னல் பக்கம் நின்றிருந்த பி.டி. மாஸ்டரும் பார்த்தார். “யார் இது?” என்று கேட்டார். சொந்த மூக்கே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்த குற்றத்துக்காக மைதானத்தைச் சுற்றி ஓடியது மொத்த வகுப்பும். அதனால் என் தாளை இனி தொட மாட்டோம் என்று பொதுக்குழு தீர்மானம் போட்டுவிட்டது.

மிச்சமிருக்கும் ஒரே வாடிக்கையாளன் சாதிக். “நீ எனக்கு விளையாட்டு காட்ட மாட்ட” என்றான். கேள்வி மாதிரியும் இருந்தது, கேள்வி இல்லாத மாதிரியும் இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

பள்ளியில் கண் பரிசோதனை முகாம். வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள்.

முகாம்காரர்கள் மேஜை தூக்க ஆள் கேட்டார்கள். முதல் கை என்னுடையது. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டியதும் நான்தான். மாட்டும்போது முகத்துக்கு நேரே இருந்ததே, அது என் தவறா? கடைசி வரி: வ, ட, ப, ழ, க. வடபழகம் என்று ஒரு ஊர் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் வரிக்கும் இதே மாதிரி ஏற்பாடு.

என் முறை வந்தபோது மழை கொட்டுகிற மாதிரி ஒப்பித்தேன். அந்த அக்கா, “குச்சி வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்றியே, சூப்பர்!” என்று சொல்லி அட்டையில் ‘பார்வை இயல்பு’ என்று எழுதிக் கொடுத்தார். கண்கட்டு வித்தை என்பது இதுதான்.

அட்டையை வீட்டில் காட்டினேன். அப்பா அதை வாங்கி, முகத்தைச் சற்றே திருப்பித் திருப்பி, தமக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்திப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் என்று ஆரம்பித்து, ஓரத்தில் வருகிற வண்டி தெரியாமல் போய், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனிக்காரர்கள் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் ஸ்டூலைக் கொடுத்தார்கள். குடும்பத்தில் வரக்கூடிய வியாதி என்று அப்போது டாக்டர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

“நல்லவேளை, உனக்கு உங்கம்மா கண்ணுடா” என்றார் அப்பா. அதையே சாப்பிடும்போதும் சொன்னார். கை கழுவும்போதும் சொன்னார்.

எனக்கு ரசம் இறங்கவில்லை. காரம் அதிகம்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அப்பாவுக்கு மட்டும் லீவு இல்லை. சாப்பாடு கொண்டுபோனேன். வழக்கம்போல, “அங்க வர்றது என்ன போர்டுடா?” என்று கேட்டார். இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை நான் படிப்பேன். அவர் நோட்டில் நேரம் குறிப்பார்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், துறையூர் வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ன். பெரம்பலூர் வண்டி மூக்கடைத்த மாதிரி கத்தும். முசிறி வண்டி குழந்தை அழுகிற மாதிரி. எனவே போர்டைப் படிப்பது என்கிற பழைய முறை எனக்குத் தேவைப்படுவதில்லை. யுகேந்திரனைச் சுருக்கி யூகி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரிலேயே தொழில் இருக்கிறது.

இன்று ஒரு வண்டி திரும்பியது. நீளமாக, இரண்டு சுருதியில் ஹார்ன். “சேலம்” என்றேன்.

வண்டி வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, “நாமக்கல், நாமக்கல்!” என்று கூவினார்.

“போர்டு மாத்தாம விட்டுட்டாங்கப்பா, சேலம்னுதான் போட்டிருக்கு” என்றேன்.

அப்பா பேனாவை மூடினார். திறந்தார். “ம்” என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

வியாழக்கிழமை கணக்குத் திருப்புதல் தேர்வு. கிராஃப் ஷீட் அவரவர் கொண்டுவர வேண்டும். ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு அவர்களே தருவார்களாம். சொந்தத் தாளுக்கு அனுமதி இல்லையாம். டீச்சர் இதை மிகச் சாதாரணமாக, ஜன்னலைச் சாத்து என்பது போல் சொன்னார்.

அப்படியானால் மார்ச்சில் அந்த வெளிர் பச்சை. சரி. மார்ச் வரட்டும். மார்ச் எல்லாம் ரொம்ப தூரம். தூரத்தில் இருப்பது எதுவும் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.

சாதிக் வீட்டுக்கு வந்தான். இந்தத் தேர்விலும் கணக்கு போனால் பிளஸ் ஒன் கிடையாது, திருச்சியில் மாமாவின் செல்போன் கடையில் கவர் மாட்டப் போக வேண்டியதுதான் என்று அவன் அத்தா சொல்லிவிட்டாராம். “கிராஃப் ஒண்ணுதான்டா எனக்கு நிச்சயமா வரும். அந்த எட்டு வந்தா பாஸ். எனக்கு ஜெயில் கம்பி வேணாம், கடையில இருக்கற மாதிரி மெலிசா அடிச்சுக் குடு. கடை ஷீட்டுல பென்சில் ரொம்ப வழுக்குது.”

அவனுக்காகத் தனியாக ஒரு தாள் தயாரித்தேன். மெல்லிய கோடு, இளம்பச்சை. நடுவில் கை ஏதோ பட்டனில் பட்டு, திரை ஒரு குலுக்குக் குலுக்கியது. பார்த்தேன். ஒன்றும் மாறின மாதிரி இல்லை. அச்சான பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்து, அடியில் ‘சரிபார்த்தவர்: யுகேந்திரன்’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

“எண்ணிப் பாத்தியா?”

“ஒவ்வொரு கட்டமா.”

ஜனவரி 22, வியாழன்

தேர்வு முடிந்தது. நன்றாக எழுதினேன். புலி பாய்ந்தது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். எனக்குப் பின்னால்தான் சாதிக். கிராஃப் போடும்போது முதுகில் பென்சிலால் குத்தினான். “டேய், ஒரு சென்டிமீட்டர்ல ஒம்பது கட்டம்தான்டா இருக்கு. நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல. நான் டீச்சர்கிட்ட வேற ஷீட் கேக்கறேன்.”

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பெஞ்ச் கிறீச்சிட்டது. அவன் எழுந்து சொன்னால், டீச்சர் தாளை வாங்குவார். யார் சரிபார்த்தது என்பார். எண்ணு பார்ப்போம் என்பார், எல்லோர் முன்னாலும்.

“பத்துதான் இருக்கு. நான் எண்ணினேன். உக்காரு” என்றேன்.

உட்கார்ந்துவிட்டான். அளக்காமல் எதையும் நம்பாதவன்.

ஜனவரி 24, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை. பிரிண்டருக்கு மை ஊற்றினேன். கையெல்லாம் நீலம்.

ஜனவரி 25, ஞாயிறு

அந்தத் தாளின் ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கும் தெரியும். அம்மா பத்திரம் டைப் செய்துகொண்டே இருந்தாள். அவள் எழுந்து சமையலறைக்குப் போனபோது எனக்குத் தாகம் எடுத்துவிட்டது. அவள் மாவு அரைக்கப் போனபோது நகம் வெட்ட வேண்டியிருந்தது. மாலையில் பார்க்கலாம் என்றால் மாலையில் வேறு வேலை.

ஜனவரி 27, செவ்வாய்

பேப்பர் கொடுத்தார்கள். சாதிக்குக் கிராஃபில் பூஜ்யம். வளைகோடு ஓரிடத்தில் கால் சறுக்கியது போல் உடைந்திருந்ததாம். டீச்சர் ஸ்கேல் வைத்துப் பார்த்து, ‘அளவு தவறான தாள், வரைபடம் செல்லாது’ என்று எழுதியிருக்கிறார். அந்த எட்டு இருந்திருந்தால் அவன் பாஸ்.

எனக்கும் பூஜ்யம்தான். நான் என் பேப்பரைப் பைக்குள் திணித்துவிட்டேன்.

மாலை சாதிக் வீட்டுக்கு வந்தான். அம்மா எழுத்தரைப் பார்க்கப் போயிருந்தாள். உள்ளே வரவில்லை, செருப்போடு வாசலில் நின்றான். தாளை நீட்டினான்.

“எண்ணு.”

“என்னடா இது, கோர்ட்டா? வக்கீல் வைக்கட்டுமா?”

“எண்ணு யூகி. இந்தக் கட்டம். சத்தமா.”

“முதல்ல காப்பி குடி. உங்க அத்தா கடையில...”

“என் அத்தாவைப் பத்திப் பேசாத. எண்ணு.”

தாளை வாங்கினேன். வெள்ளையாக இருந்தது. எங்கோ ஒரு பச்சை மூட்டம். கண்ணருகே கொண்டுபோனேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். நாலில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மூக்கில் தாள் இடித்தது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

சாதிக் தாளை மெதுவாக என் கையிலிருந்து எடுத்தான்.

“உனக்குத் தெரியலையாடா?”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“அப்போ எண்ணினேன்னு ஏன்டா சொன்ன?” தாளை நாலாக மடித்தான். “நான் எந்திரிச்சேன்டா. பாதி எந்திரிச்சுட்டேன்.”

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடத் தேவலை. படி இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். ஏறவே இல்லை.

ஜனவரி 28, புதன்

முதல் பீரியடுக்கு முன்னாலேயே ஸ்டாஃப் ரூம் போனேன். சாதிக்கையும் இழுத்துக்கொண்டு. அவன் என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தான்.

“டீச்சர், அந்த ஷீட் நான் பிரிண்ட் பண்ணது. தப்பா இருக்குன்னு இவன் எந்திரிச்சான். நான்தான் உக்கார வச்சேன்.”

பிலோமினா டீச்சர் டிபன் டப்பாவை மூடினார். “உன்னோட விளையாட்டுக்கு இவன் மார்க்கா கிடைச்சுது?”

“விளையாட்டு இல்ல டீச்சர்.”

“பின்ன? எண்ணிப் பாத்துத்தானே சரிபார்த்தவர்னு கையெழுத்துப் போட்ட?”

“எண்ணல. எண்ண முடியல. சின்னக் கட்டம் எனக்குத் தெரியாது டீச்சர். போர்டுல நீங்க எழுதறதும் தெரியாது. முதல் பெஞ்சுக்கு வந்தும் பாதிதான் தெரியுது.”

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அன்னிக்குக் கேம்ப்ல இயல்புன்னு அட்டை வாங்கினியே?”

வடபழகத்தைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்த தமிழ் ஐயா சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. “வீட்டுக்கு நான் போன் பண்ணவா, நீயே சொல்றியா?”

“நானே சொல்றேன்.”

சாதிக்குக் கிராஃப் மட்டும் மறுதேர்வு வைப்பதாகச் சொன்னார். “கண்ணைக் காட்டிட்டு வா. உனக்கும் அதே நாள்தான்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கத்தில் நின்றேன். மூக்கடைத்த ஹார்ன் அடித்தது, பெரம்பலூர் போனது. அப்பா போர்டு என்ன என்று கேட்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை.”

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஹார்ன் கேட்டுத்தானே சொல்லிட்டிருந்த?”

“ம்.”

“அன்னிக்கு நாமக்கல்லுக்கு மாத்து வண்டியா சேலம் வண்டியைத்தான் விட்டிருந்தாங்க. எனக்கும் அந்த ஹார்ன் தெரியும்டா. நான் ஓட்டின வண்டி அது.”

“அப்பவே ஏன்ப்பா கேக்கல?”

“கேட்டா, நீ ஆமான்னு சொல்லிருவியே.”

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. ஒரு வண்டி வந்தது, போனது. அவர் நேரம் குறிக்கவில்லை. நான்தான் கடிகாரத்தின் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்.

ஜனவரி 31, சனி

திருச்சி. கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள், எழுத்து தேங்காய் சைஸில் எழுதுகிறேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து டோக்கனை மடித்து மடித்துப் பொடியாக்கிவிட்டார். அம்மா புதுசாக ஒன்று வாங்கி வந்தாள்.

பிறகு:

டாக்டரம்மா மெஷினில் என் கண்ணுக்குள் புஸ் என்று காற்று அடித்தார். உள்ளே விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் மூச்சு விடவில்லை, மெஷின் மட்டும் விட்டது.

“அழுத்தம் சரியா இருக்கு. நரம்பும் நல்லா இருக்கு. இது வெறும் கிட்டப்பார்வையும் சிலிண்டர் பவரும்தான், அதான் கிட்ட வச்சாலும் கோடெல்லாம் கலங்குது, கண்ணாடி போட்டா போதும். அப்பாவுக்கு இருக்கறதால வருஷா வருஷம் கூட்டிட்டு வந்துடுங்க. விட்டுடக்கூடாது.”

“வெறும் கண்ணாடியா?” என்று அப்பா கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக வெளியே போனார். தண்ணீர் பாட்டில் அவர் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

கண்ணாடி வந்தது. கண்டுபிடிப்புகள்: டியூப்லைட் பக்கத்துக் கறை கறை அல்ல, பல்லி. கடை கிராஃப் ஷீட்டின் கோடு உண்மையிலேயே பச்சை. அந்தக் கம்பெனி மீது சுமத்திய குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன். பி.டி. மாஸ்டர் மூக்கை நான் ரொம்பச் சின்னதாகப் போட்டிருந்தேன்.

சாதிக் என்னைப் பார்த்து, “சோடாபுட்டி” என்றான். ஒன்பது நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இதைவிட நல்ல வார்த்தை அகராதியில் கிடையாது.

பிப்ரவரி 9, திங்கள்

மறுதேர்வு. கடை ஷீட். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நின்று எனக்கு வணக்கம் வைத்தது. ஸ்கேல் பிசகவில்லை, புள்ளி பிசகவில்லை. முடித்து முதலில் கொடுத்தது நான்தான்.

டீச்சர் அங்கேயே திருத்தினார். சாதிக்கு எட்டுக்கு எட்டு. கணக்கில் பாஸ். அத்தாவுக்குப் போன் போட ஓடினான்.

எனக்கு இரண்டு.

டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். பரவளையம் என்றால் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டுமாம். என்னுடையது வலது பக்கம் மேலே போய், இடது பக்கம் கீழே போய், பாம்பு மாதிரி நெளிந்திருந்தது. “மைனஸ் மூணோட வர்க்கம் என்ன?” என்றார்.

“மைனஸ் ஒன்பது.”

“அரையாண்டுலயும் இதேதான் போட்டிருந்த. போன திருப்புதல்லயும் இதேதான். கண்ணாடிதான் போட்டாச்சே, இனி யார் மேல பழி போடப் போற?”

ஆகவே, சுய நினைவுடன் எழுதிக் கொடுப்பது: எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்கு மைனஸ் கணக்கு வராது. புலி எல்லாம் சும்மா சொன்னது. நாளை மாலை சாதிக் சொல்லிக் கொடுக்க வருகிறான். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்று எல்லாக் கோடும் பளிச்சென்று தெரிந்தது. கணக்குதான் தெரியவில்லை.